அப்பா பிடித்து வைத்த இடம்

மேல் டிவிஷன், பெரிய லைன்
கேமரன் மலை
மே மாதம், கடைசி ஞாயிறு

பாசமுள்ள மகள் சிந்தியாவுக்கு,

அம்மா எழுதுவது. மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள் என்பது தெரியும். உறையின் மேல் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்குச் சிந்தியாதான், மடத்துத் தாயார் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார், அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். தேயிலைத் தூள் சலிக்கிற அறையில் முப்பது வருஷம் நின்றவருக்கு நெஞ்சு வேறு எப்படி இருக்கும்.

மடத்தை விட்டு வெளியே வராமல் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற உனக்குப் பேப்பர், டிவி ஒன்றும் கிடையாது. அதனால் ஊர்ச் செய்தியை நான்தான் சொல்ல வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தில் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இனி அரசாங்கம் பதிவு செய்த மயானத்தில்தான் புதைக்க வேண்டும். தோட்டத்துப் புதைகாடு எதுவும் பதிவில் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து தோட்டத்துக்குள் ஒருவரையும் புதைக்கக் கூடாது. மீறினால் குடும்பத்துக்கும் அபராதம், கம்பெனிக்கும் அபராதம். மழையில் சரிவு இடிந்து எல்லாம் ஆற்றில் வந்து சேர்ந்தால் குடிக்கிற தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. புதிய மயானத்துக்குக் கோலா தெர்லா ஊரையும் தாண்டிப் போகவேண்டும்.

ஏற்கெனவே இருக்கிற கல்லறைகளை மட்டும் எண்ணி, நம்பர்த் தகடு அடித்து, அப்படியே விட்டுவிடுவார்களாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. உன் தம்பி பக்கத்தில் இருக்கிற அந்தக் காலி இடம்தான் காரணம். ராய்ஸ்டனைப் புதைத்த அன்றே அதை அவர் மனதில் குறித்துவைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் என் பூக்கூடையில் மிச்சம் கிடப்பதை அள்ளிக்கொண்டு மேலே ஏறிப் போவார். புல் பிடுங்குவார். திரும்பும்போது, “கொஞ்சம் தள்ளிப் படுடா, நானும் வருவேன்ல” என்று சொல்லிவிட்டு வருவார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஆனால் அவருக்கு வேறு ஆசை என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. வீடு கம்பெனி வீடு, குழாய் கம்பெனி குழாய். அந்த ஆறடியைத்தான் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

யோசனை சொன்னது பக்கத்து வீட்டுக் கருப்பையா அண்ணன். பழைய கங்காணி இல்லையா, மூளை அப்படித்தான் ஓடும். “மேட்டத்தானே எண்ணுவானுங்க, உள்ள ஆள் இருக்கான்னு தோண்டியா பாக்கப் போறானுங்க” என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல லைன் முழுக்க ஆளாளுக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேடு கட்டிவிட்டார்கள். கருப்பையா அண்ணன் தனக்கும் மணியம்மா அக்காவுக்கும் ஜோடியாகக் கட்டினார். தானா ராத்தா டவுனில் சவப்பெட்டியும் சிலுவையும் செய்கிற வேலப்பனுக்கு அந்த மாதம் வந்த வியாபாரம் அவன் ஆயுசில் வந்ததில்லை. சாகிறவர்களை விட உயிரோடு இருக்கிறவர்கள்தான் பேரம் பேசாமல் காசு கொடுக்கிறார்கள் என்று அவனே என்னிடம் சொன்னான்.

அப்பாவும் ஒரு சிலுவை செய்து வந்தார். ராஜநாயகம் என்று வெள்ளை எழுத்து. இறந்த தேதி போட வேண்டுமே, எதைப் போடுவது? இரண்டு நாள் யோசித்து, வேலையிலிருந்து நின்ற தேதியைப் போட்டார். உனக்கும் ஒன்று கட்டட்டுமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு எங்கே போட்டாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் எண்ண வந்தார்கள். தலைமையாக வந்தது ஒரு மலாய் அம்மா, மரியாதையானவர், நாங்கள் புவான் என்று கூப்பிடுகிறோம். பழைய ஆட்களுக்கு மரணச் சான்றிதழ் எங்கே தேடுவது, அதனால் சிலுவையிலும் கல்லிலும் இருந்த பெயரை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அப்பா தன் சிலுவைக்குப் பக்கத்திலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இது யார் என்று புவான் கேட்டிருக்கிறார். என் அண்ணன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்குக் கருப்பையா என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு லைனில் சிரித்த சிரிப்பு தீபாவளிக்குக்கூடச் சிரித்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போய்த் தகட்டைக் காட்டினார். உயிரோடு இருக்கிற புருஷன் பெயரைச் சிலுவையில் பார்த்தால் பெண்டாட்டிக்கு நெஞ்சு பதற வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயிண்ட் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். அப்பா அன்றைக்குத்தான் இரண்டு கரண்டி சோறு கூடப் போடச் சொன்னார்.

என் மலர்வளைய வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். கோலா தெர்லா பூத்தோட்டத்துச் சீன முதலாளி தவுக்கே கழித்த செவ்வந்தியை இன்னும் கொடுக்கிறார். ஜூனுக்குப் பிறகு தோட்டத்தில் அடக்கமே இல்லையென்றால் யாருக்குக் கட்டிக் கொடுப்பேன் என்று தெரியவில்லை. பார்க்கலாம். மடத்தில் குளிர் இல்லை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். சாப்பாட்டைக் குறைக்காதே. ஆண்டவருக்கு உன் எலும்பு தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
கத்தரீன்



மேல் டிவிஷன்
ஆகஸ்ட் மாதம், மாதா பண்டிகைக்கு மறுநாள்

என் மகள் சிந்தியாவுக்கு,

இது சின்னக் கடிதம். அப்பாவைத் தனியாக விட்டு அதிக நேரம் உட்கார முடியவில்லை.

மணியம்மா அக்கா போய்விட்டார். சர்க்கரை காலில் இறங்கி, பிறகு சிறுநீரகம், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். நல்ல சாவுதான். கருப்பையா அண்ணன் அழுதுவிட்டு, எழுந்து, தான் கட்டிவைத்த மேட்டைத் திறக்க ஆள் கூட்டிக்கொண்டு போனார். புதைகாட்டுப் பாதையில் மானேஜர் துரை கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார். சாவி ஆபீஸ் கிராணியிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள், கையில் மண்வெட்டி இருந்தால் அன்றைக்கும் விடமாட்டார்கள். துரையைக் குறை சொல்ல முடியாது, அபராதம் கம்பெனி பெயரில்தான் வரும்.

அண்ணன் புவானிடம் போனார். பெயரைக் கேட்டதும், நீங்களும் கருப்பையாவா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். மணியம்மா பெயரில் கல்லறை தயாராக இருக்கிறது, திறந்துவிட்டால் போதும் என்று இவர் சொல்ல, புவான் கணினியில் பார்த்துவிட்டு, மணியம்மா என்பவர் அந்தக் கல்லறைக்குள் ஏற்கெனவே இருக்கிறாரே என்றாராம். ஆள் இருக்கிற கல்லறையைத் திறக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பவரை வெளியே எடுப்பதற்கு உத்தரவு வாங்க வேண்டும். எடுக்கத்தான் உத்தரவு, வைக்க உத்தரவு கிடையாது. ஆளே இல்லை என்று சொன்னால் அது கல்லறையே இல்லை, மேட்டைத் தட்டிச் சமன் செய்துவிடுவார்கள், பொய் சொன்னதற்கு அபராதமும் உண்டு.

அக்காவை ஈப்போவிலிருந்து வந்த சவ அடக்கக் கம்பெனி வேனில் ஏற்றிப் புதிய மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். வேன், பெட்டி, பூ எல்லாம் அவர்களே. பூ பிளாஸ்டிக். என்னிடம் யாரும் வளையம் கேட்கவில்லை. வேலப்பன் இப்போது பெட்டி செய்கிற பலகையில் ஸ்ட்ராபெரிச் செடி வைக்கிற தொட்டி செய்கிறான். அது ஓடுகிறதாம்.

இதையெல்லாம் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஐசி அடையாளக் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, புவானைப் பார்க்க டவுனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த ராஜநாயகம் நான்தான், சாகவில்லை, இதோ ஐசி, என் இடத்தை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னார். வெயிலில் வந்தவரை உட்காரவைத்து அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். இதை நான் காதில் வாங்கினால் உங்கள் மேட்டை இடிக்கச் சொல்ல வேண்டியிருக்கும், உங்கள் சிலுவையாவது மகன் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் வந்ததே எனக்குத் தெரியாது என்றார். அப்பா ஐசியை வாங்கிக்கொண்டார். வரும் வழியில், “செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்லா” என்றார். சிரிக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

இப்போது கட்டிலோடு சரி. ராத்திரி படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னதை நீயே புரிந்துகொள். எனக்குப் பயம் வரவேண்டும், வரவில்லை. மருந்து கொடுக்கிறேன், துணி துவைக்கிறேன். அப்பா ஒன்றைத்தான் கேட்கிறார், அவன் பக்கத்தில் போட வழி ஏதாவது இருக்கிறதா என்று. பார்க்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் செபத்தில் அவரைச் சேர்த்துக்கொள். சட்டம் போடுகிறவர்களையும் சேர்த்துக்கொள், அவர்களுக்கும் ஒரு நாள் ஆறடி வேண்டும்.

அம்மா



மேல் டிவிஷன்
அக்டோபர் மாதம்

என் கண்ணான சிந்தியாவுக்கு,

அப்பா போன செய்தியை ஃபாதர் மடத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். தாயார் உன்னிடம் சொல்லி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து பூசை ஒப்புக்கொடுத்ததாகப் பதில் வந்தது. நீ எழுதிய கடிதமும் வந்தது. படித்தேன். நீ வரமாட்டாய் என்று தெரியும், அதனால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, அவள் அங்கிருந்தே செய்ய வேண்டியதைச் செய்வாள் என்று சொன்னேன்.

அப்பா கஷ்டப்படவில்லை. விடிகிற நேரம், டீ கலந்து கொண்டுபோனேன், குடிக்க ஆள் இல்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டேன். பிறகு அந்த டீயை நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஏன் குடித்தேன் என்று கேட்காதே, கொட்ட மனம் வரவில்லை.

அழுகை இன்னும் வரவில்லை. கருப்பையா அண்ணனின் மருமகள் மோகனா என் தோளைப் பிடித்து உலுக்கி, “அழுதுருங்க அத்தே, அழுதுருங்க” என்றாள். பாவம், எனக்காக அவளே அழுதாள். நான் உட்கார்ந்து வளையம் கட்டினேன். ஈப்போ கம்பெனியின் பிளாஸ்டிக் பூ அவருக்கு வேண்டாம் என்று தோன்றியது. செவ்வந்தி, ஓரத்தில் பைன் இலை, கை தன்பாட்டில் செய்தது. ரிப்பனில், ஊருக்கெல்லாம் எழுதுவதுபோல, ஆழ்ந்த அனுதாபங்களுடன் என்று எழுதி, வாங்குகிறவர் பெயருக்கு இடம் விட்டிருந்தேன். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். யார் பெயரைப் போடுவது? யாருக்கு யார் அனுதாபம் சொல்வது? அப்படியே விட்டுவிட்டேன்.

நான் முதலில் துரையிடம் போனேன். கதவை ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டே கேட்டார், என்னால் முடியாது அம்மா என்றார். புவானிடமும் ஃபாதர் பேசிப் பார்த்தார். முடியாது என்பதை எல்லோரும் நல்ல முறையில்தான் சொன்னார்கள். ஒருவராவது கத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அடக்கம் நடந்தது சனிக்கிழமை. சுற்றுலா வந்த கார்கள் ஸ்ட்ராபெரித் தோட்டத்து வாசலில் அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் காய்கறி லோரி, பின்னால் கார், நடுவில் அப்பா. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் சோளம் கடித்துக்கொண்டு எங்கள் வேனைப் பார்த்தது. அந்தப் பிள்ளை கையாட்டியது. நானும் ஆட்டினேன். மயானம் சுத்தமாக இருக்கிறது. சிமெண்டுப் பாதை, தண்ணீர்க் குழாய், புல்லை மெஷினால் வெட்டுகிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இடது பக்கம் யாரோ ஒரு ஆசிரியர், ஈப்போக்காரராம். அவரை நமக்குத் தெரியாது.

ஆக அப்பாவுக்கு இப்போது இரண்டு கல்லறை. ஒன்றில் தேதி தப்பு, இன்னொன்றில் இடம் தப்பு. ஞாயிற்றுக்கிழமை எதற்குப் போவது என்று தெரியாமல் எதற்கும் போகாமல் இருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் புவான் நம் வீட்டுக்கு வந்தார். டுரியான் கேக் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, தனியாக, ஆபீஸ் கார் இல்லாமல். டீ கொடுத்தேன், குடித்தார். பிறகு சொன்னார், அதே சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது என்று. மூடிய புதைகாட்டில் இருப்பவர்களைக் குடும்பம் விரும்பினால் புதிய மயானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். செலவு அரசாங்கத்துடையது. இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான் கேட்க முடியும். காலிக் கல்லறைக்கு உத்தரவு கிடைக்காது, ஆள் இருக்கிற கல்லறைக்குக் கிடைக்கும் என்றார். அப்பாவுக்கு வலது பக்கம் இருக்கிற இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாவை ராய்ஸ்டனிடம் கொண்டுபோக முடியவில்லை. ராய்ஸ்டனை அப்பாவிடம் கொண்டுபோகலாம்.

ஃபாதரைக் கேட்டேன், பாவம் ஒன்றும் இல்லை, மந்திரித்துக் கொண்டுபோகலாம் என்றார். போன ஞாயிறு கிராணி கதவைத் திறந்ததும் மேலே போய் இரண்டு சிலுவைக்கும் நடுவில் நின்றேன். அப்பா பிடுங்காததால் புல் முழங்கால் வரைக்கும் வளர்ந்திருக்கிறது. கீழே மெஷின் வைத்துக் கொழுந்து வெட்டுகிற சத்தம் கேட்டது. உன்னை எழுப்பலாமா என்று ராய்ஸ்டனிடமே கேட்டேன். அவன் எப்போது பதில் சொன்னான், கூப்பிட்டால் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்கிறவன். இறங்கி வரும்போது சம்மதம் என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். எந்த மண் என்று இனி எனக்குக் கவலை இல்லை.

சம்மதப் படிவத்தில் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கானதை இதனோடு வைத்திருக்கிறேன். மடத்தில் வைத்த பெயரைப் போடாதே, ஐசியில் இருக்கிற பெயரைப் போடு.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைத்திருக்கிறேன். குழியைத் திறக்கும்போது ரத்த சொந்தம் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். உள்ளே இருப்பது அவன்தான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் நம்பி இனி எடுக்கமாட்டார்களாம். நாங்கள் கட்டிய மேடுகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இந்த விதி. கருப்பையா அண்ணன், “நான் நிக்கிறேன் தங்கச்சி, நீ வூட்லயே இரு” என்றார். அண்ணன் நின்றால் செல்லாது.

சிந்தியா, அவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து பெட்டியில் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்க்க விடவில்லை. தலையில் அடி, அம்மா தாங்கமாட்டாள் என்று அப்பா அறைக் கதவைச் சாத்திவிட்டார். நீயும் அப்பாவும்தான் உள்ளே இருந்தீர்கள். நீதான் அவனுக்குச் சட்டை மாற்றிவிட்டாய் என்று பிறகு சொன்னார்கள். நான் வெளியே, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு இருந்தேன். பெட்டியை ஆணி அடித்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அப்பாவும் போய்விட்டார். அவன் எப்படி இருந்தான், என்ன போட்டிருந்தான் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இப்போது நீ ஒருத்திதான். பெற்றவளுக்கு அடையாளம் தெரியாதா என்று கேட்பார்கள். எலும்பைப் பார்த்து என் பிள்ளை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ மடத்துக்குள் போன நாளிலிருந்து வா என்று நான் எழுதியதில்லை. அப்பா கேட்டபோதும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். தாயாரிடம் ஒரே ஒரு நாள் கேட்டுப் பார். என் பக்கத்தில் நின்றால் போதும், நீ பார்த்துச் சொல், நான் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அன்றே உன்னைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், ஒரு வேளை சோறுகூடப் போடமாட்டேன்.

விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அவர்களோடு வாதாடாதே. அவர்களுக்கும் ஒரு சட்டம் இருக்கும். கையெழுத்தைப் போட்டு அனுப்பு. அதன் கீழே, அன்றைக்கு அவனுக்கு என்ன நிறச் சட்டை போட்டுவிட்டாய் என்று மட்டும் எழுது மகளே. அந்த நிறத்தைப் பார்த்ததும் நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
கத்தரீன்